மெஷினாக நின்றவர்

சுதந்திரம் வந்த புதுசு. மைசூரில் தேவராஜ மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கிரீஸ் கறைச் சட்டைக்காரர் ஒருவர் தன் மச்சானிடம் சொன்னார்:

"டில்லி ஆபீசர் முன்னாடி நான்தான் மெஷினா நின்னேன்."

பஸ் வராமல் இருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

"மெஷினாவா?"

"ஊதுவத்திக் குச்சி சீவ எங்க கம்பெனியில புது மெஷின் செஞ்சோம்ல? புதுசா கண்டுபிடிக்கிற சின்னக் கம்பெனிக்கு சர்க்கார் உதவி பண்ணுதுன்னு மொதலாளி மனு போட்டார். பார்க்க வந்தவர் சரியா ஆயுத பூஜை அன்னைக்கு வந்து நிக்கிறார்."

"ஐயோ! மெஷினுக்குப் பொட்டு வச்சு மாலை போட்டிருப்பீங்களே."

"அதான். அன்னைக்கு எப்படி ஓட்டுறது? அவருக்கோ சாயந்தரமே ரயில். மொதலாளி கையைப் பிசையறார். 'நாங்களே ஓடிக் காட்டுறோம் சார்'னுட்டேன். நான் பெரிய சக்கரம். கூட வேலை பார்க்கிற ரங்கப்பா கத்தி. மேரியம்மா மூங்கில். நான் கையைச் சுத்தச் சுத்த, அந்தம்மா ரங்கப்பா கைக்கு நடுவுல மூங்கிலா நுழைஞ்சு குச்சியா வெளிய வந்தாங்க."

"ஆபீசர்?"

"சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அப்புறம் மெஷினோட வரைபடத்தை விரிச்சு, 'இதுல நீ எங்க இருக்கே'ன்னு ஒவ்வொருத்தரையா ஒரு மணி நேரம் கேட்டார்."

"கிடைச்சுதா?"

"இன்னைக்குத்தான் கடுதாசி வந்துச்சு. உதவி உண்டு. அடியில அவரே கைப்பட ஒரு வரி எழுதியிருக்கார்: 'அடுத்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோட வர்றேன். தயவுசெஞ்சு அன்னைக்கும் மெஷினை ஓட்டிடாதீங்க.'"