பெயர்த் தகடு

எனக்குக் கோபமே வராது, ஐயா. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனிதன் என்றுதான் சொல்வார்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

நானும் என் தம்பியும் ரெசனேட்டர் கிட்டார் செய்கிறவர்கள். சாதாரணக் கிட்டாரில் மரம்தான் பாடும். எங்களுடையதில் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று உட்கார்ந்திருக்கும். தந்தியின் அதிர்வு அதில் விழுந்து கணீரென்று வெளியே வரும். கிண்ணத்தை நாங்களே கையால் தட்டி எடுப்போம். ஒருவர் தட்டியது போல இன்னொருவருக்கு வராது.

அப்பா காலத்திலிருந்து பட்டறையில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒன்று செய்து முடித்ததும் இரண்டையும் திரைக்குப் பின்னால் வைத்து அவரவருடையதை வாசிப்போம். இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, எது மேல் என்று சொல்வார். ஜெயித்த கிட்டாரில் பட்டறையின் பெயர்த் தகடு ஏறும். தோற்றது பெயரில்லாமல் கடைக்குப் போகும். அப்பாவுக்குப் பிறகு அப்படிக் கேட்க உட்கார்ந்தவள் என் மனைவி. அவள் காது அப்படிப்பட்டது. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால் இவள்தான் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

அவள் ஒரு தடவைகூட என்னுடையதைச் சொன்னதில்லை.

தம்பியைப் பற்றி நான் தப்பாகப் பேச மாட்டேன். சோம்பேறி, வாயாடி, ஓர் ஆணியை ஒழுங்காக அடிக்க வராது, மற்றபடி நல்லவன். ஆனால் தகடு அவனுக்கு. கண் பூத்துப் போகிற வரைக்கும் உட்கார்ந்து நான் செய்தது அநாதையாகப் போகும். எனக்கு வயிறு எரிந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் அவளைச் சோதித்துப் பார்த்தேன். தம்பி வெளியே போயிருந்தான். திரைக்குப் பின்னால் என்னுடையதையே இரண்டு தடவை வாசித்தேன்.

"ரெண்டும் உங்களோடதுதாங்க," என்றாள். "ரெண்டாவது தடவ என்ன கோவம்? தந்திய அந்த அறை அறைஞ்சீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள், சிரித்தாள். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கிட்டாரைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறாள். கை யாருடையது என்று தெரிந்துகொண்டு சொல்வது என்ன தீர்ப்பு? காது என்றால் நியாயமாக இருக்க வேண்டாமா?

அந்தச் சமயத்தில் அவளுக்குக் காதுவலி வந்தது. நான் தேடிப் போகவில்லை, தானாக வந்தது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். தினமும் நான்தான் விட்டுவிடுவேன். என் மடியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். கிண்ணத்தைத் துலக்குகிற திராவகத்தை அதில் கொஞ்சமாகத்தான் கலந்தேன்.

"எரியுதுங்க."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். ஆடாம இரு."

ஆடாமல் இருந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அடுத்த காதுக்கும் வலி பரவிவிடக் கூடாதே என்று அதிலும் விட்டேன்.

டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் தம்பி வாசித்துப் பார்த்தான், அவள் திரும்பவில்லை. வாசித்துக்கொண்டே அழுதான். பிறகு மருந்துப் புட்டியைத் திறந்து மோந்தான். பட்டறையில் வளர்ந்த மூக்கு, ஏமாற்ற முடியாது.

"அண்ணே, அண்ணிக்கு என்னத்த விட்ட?"

நான் பொய் சொல்லவில்லை. சொன்னேன். அவன் புட்டியையும் திராவக டப்பாவையும் எடுத்துப் போய் அவளிடம் நீட்டினான். அவள் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். அதற்குப் பிறகு என் மடிக்குப் பக்கத்தில்கூட அவள் வரவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

தம்பி உங்களை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போனான். அந்த இடைவெளியில் இரண்டு கிட்டாரையும் அவள் முன்னால் வைத்தேன். இனித் திரை எதற்கு? மரத்தின் மேல் கையை வைத்துப் பார் என்று சைகை காட்டினேன். அதிர்வு உள்ளங்கைக்குத் தெரியும். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். கதவைப் பார்த்தாள். நான் அதைத் தாழிட்டிருந்தேன். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தந்தியைத் தொடும் முன்பே விரலை நீட்டி என்னுடையதைக் காட்டினாள்.

தகட்டை அப்போதே பதித்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் போய்ப் பாருங்கள். தம்பியுடையதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஐயா. அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது அவளுக்கு.