இஸ்திரி போட்ட சட்டை

கசங்கிய சட்டையோடு நாலு பேர் முன்னால் நிற்க எனக்கு வராது சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன் நான். பாதுகாப்பு வாரத்தில் கரண்ட் பற்றி வகுப்பெடுப்பவனும் நானே. கலியமூர்த்தி ஜோக்கடித்தே புரியவைத்துவிடுவான் என்று பெயர்.

மாங்காட்டில் எங்கள் காம்பவுண்டில் நாலு குடித்தனம், கசியும் கரண்டை மண்ணில் இறக்க எல்லோருக்கும் ஒரே எர்த் குழி. அன்று காலை என் வீட்டு நியூட்ரல் கம்பி கருகிவிட்டது. உள்ளே வந்த கரண்ட் திரும்பிப் போக வழி இல்லையென்றால் ஃபேன் ஓடாது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வழியை எர்த்தில் கட்டிவிட்டேன். இப்படிச் செய்பவனை வகுப்பில் கழுதை என்பேன். கழுதை ஃபேன் காற்றில் இட்லி சாப்பிட்டது.

மே மாதம், குழி காய்ந்து கிடந்தது. மண்ணில் இறங்க முடியாத கரண்ட், எர்த் கம்பி வழியாக மற்ற வீட்டு மிஷின்களின் உடம்பில் ஏறி நிற்கும். பக்கத்து வீட்டு ராஜகுமாரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாண்ணே, வாஷிங் மிஷின தொட்டா சுர்ருங்குது?”

“உன்னப் பாத்து பயந்துகினு நடுங்குதும்மா.”

“ஐய, மூஞ்சப் பாரு.” சிரித்துக்கொண்டே துணி போடப் போனாள்.

ஃபேன் மட்டும் ஓடினால் சுர்ரோடு போகும். இஸ்திரிப் பெட்டி பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். தெரியும். ஆனால் அன்று வகுப்பு இருந்தது. காலர் முடிந்து, வலது கை முடிந்து, இடது கையில் வைக்கும்போது பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தது.

உடனே சுவிட்சை அணைத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடினேன். மிஷின் ஓரம் ஈரத்தில் கிடந்தாள். நாடி இல்லை.

மிஷின் பழசு. அவள் புருஷன் அழகேசன் ஆவடியில் வாங்கியது. “நான்தான் அண்ணாத்தே கொன்னுட்டேன், சல்லிசா கெடைக்குதுன்னு தூக்கிகினு வந்தேன்” என்று என் தோளில் அழுதான். நானே மிஷினைப் பிரித்துப் பார்த்து, ஆமாம், உள்ளே ஒயர் தேய்ந்திருக்கிறது என்றேன். எட்டு மாதமாக அவன் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. மகள்தான் விளக்குப் போடுகிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஓடினேன் என்று எழுதிவிட்டீர்களா? அடித்துவிடுங்கள். ஷாக்கில் விழுந்தவரின் நெஞ்சை முதல் மூன்று நிமிடத்துக்குள் அழுத்தத் தொடங்குங்கள் என்று வகுப்பில் பொம்மையை வைத்து நான்தான் காட்டுவேன். எர்த்தில் கட்டிய கம்பியைக் கழற்றி, போர்டை மூடி, சட்டையை மாட்டிப் பட்டன் போட்டுக்கொண்டுதான் போனேன்.

இடது கை மட்டும் கசங்கியிருந்தது.