செவலைக்குப் போட்ட தேசிக்காய்த் தோல்

மதுஷா: கைய எடுங்கப்பா... எடுங்கன்னா.

வீரசிங்கம்: சும்மா தடவிப் பாத்தேன் புள்ள. உள்ளுக்கு என்னமோ கெடக்கு.

மதுஷா: மொதல்ல கீழ பிளக்க கழட்டணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நீங்க இந்தச் சமையக் கழிவு அரைக்கிற மிசினுக்குள்ள கைய விடுறத பாக்கவா கொழும்புல இருந்து ராவெல்லாம் ரயில்ல குந்திக்கிட்டு வந்தேன்?

வீரசிங்கம்: அதுதான் ஓடலயே. ஓடாத மிசின் கடிக்குமா?

மதுஷா: திடீர்னு ஓடும். நான் வேல செய்யுற கடைக்கு இத வாங்க வர்ற ஆளுகளுக்கெல்லாம் இதத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பேன். பெத்த அப்பாவுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது. சரி, தள்ளுங்க. டோர்ச்ச புடிங்க... என் மூஞ்சிக்கு இல்லப்பா, சிங்க் ஓட்டைக்கு.

வீரசிங்கம்: நீ மொதல்ல ஒரு வாய் தேத்தண்ணி குடி. வந்ததும் வராததுமா...

மதுஷா: இத முடிச்சிட்டு. ஆ, மேசையில சோத்துப் பார்சல் வச்சிருக்கேன். ரூம்ல ஆக்கினது மிச்சமாப் போச்சு, வச்சா கெட்டுரும். நீங்க சாப்புடுங்க.

வீரசிங்கம்: ம்... மிச்சமா?

மதுஷா: ஆமா. டோர்ச் ஆடுது.

வீரசிங்கம்: உங்க அம்மா இருந்திருந்தா இந்நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பா. "செவல வாயில என்னத்தங்க திணிச்சீங்க"ன்னு.

மதுஷா: மிசினுக்கு மாட்டுப் பேரு வச்ச ஆளு பதுளையிலயே அம்மா மட்டுந்தான் இருக்கும்.

வீரசிங்கம்: பாவம், என்ன செய்வா. நமுனுகுல தோட்டத்துல மாட்ட வித்துட்டு டவுனுக்கு வந்தமா... மரக்கறித் தோலு கொட்டக்கூட எடமில்லாம தவிச்சுப் போனா. பையில கட்டி வெளிய வச்சா கொரங்கு பிச்சு ரோடெல்லாம் எறைக்கும். நீ இத பூட்டிக் குடுத்த அன்னிக்கு போஞ்சி நார உள்ளுக்குப் போட்டு, பயந்து பயந்து சுவிட்ச போட்டா. அப்புறம் என்னைய கூப்புட்டு, "கேளுங்க, நம்ம செவல கழனி குடிக்கிற சத்தம்"னா. அவ மொகத்த நீ பாத்திருக்கணும்.

மதுஷா: பாத்தேனே. நானுந்தானே பக்கத்துல நின்னேன்.

வீரசிங்கம்: ஆமால்ல... நின்ன.

மதுஷா: இந்தா, மின்னுது. இடுக்கிய குடுங்க... வா, வா... தேக்கரண்டி.

வீரசிங்கம்: அப்படியா?

மதுஷா: அம்மாவோட தேக்கரண்டி. இது எப்படி உள்ளுக்குப் போச்சு?

வீரசிங்கம்: கழுவுறப்ப வழுக்கியிருக்கும்.

மதுஷா: நல்லா வளஞ்சு போச்சு... பரவால்ல, நிமித்தலாம். இப்ப அந்த வளஞ்ச சாவி. மிசினுக்கு அடியில ஓட்ட இருக்கு பாருங்க, அதுல மாட்டி இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா திருப்பணும். செவலைக்குக் கழுத்து சுளுக்கு எடுக்கிற மாதிரி.

வீரசிங்கம்: நீயும் செவலன்னுட்ட.

மதுஷா: வாயில வந்துருச்சு... சுத்துது. அந்தச் செவப்புப் பட்டன அமத்துங்க. போதும். இனி பழைய டூத் பிரஷ் ஒண்ணு குடுங்க. ரப்பருக்கு அடியிலதான் அழுக்கெல்லாம் ஒட்டும், நாத்தமும் அங்க இருந்துதான் கெளம்பும்.

வீரசிங்கம்: அதெல்லாம் நான் சுத்தமாத்தான் வச்சிருக்கேன்.

மதுஷா: ...அப்பா.

வீரசிங்கம்: ம்?

மதுஷா: நாத்தமே இல்ல.

வீரசிங்கம்: நல்லதுதானே.

மதுஷா: ஒரு சோத்துப் பருக்க இல்ல. வெங்காயத் தோலு இல்ல. வெறும் சாறு புழிஞ்ச தேசிக்காத் தோலுதான் இருக்கு.

வீரசிங்கம்: அது அம்மா பழக்கினதுதான். சாயந்தரமானா ஐஸ் கட்டியும் உப்பும் போட்டு ஓட்டுவா, கடைசியா தேசிக்காத் தோலு. வீடு பூரா மணக்கும். நான் அத மட்டும் விடல புள்ள. அந்த வாசன வந்தா, அவ குசினியில நிக்கிற மாதிரி இருக்கு. எதுக்கு இப்ப கண்ணக் கசக்குற?

மதுஷா: நேத்து என்ன கறி ஆக்குனீங்க?

வீரசிங்கம்: நேத்தா... கத்தரிக்கா.

மதுஷா: காம்பு எங்க?

வீரசிங்கம்: தூர வீசிட்டேன்.

மதுஷா: முந்தாநாளு?

வீரசிங்கம்: பருப்பு. பருப்புக்குத் தோலா இருக்கு?

மதுஷா: நல்லா சமாளிக்கிறீங்க. அப்பா, தோட்டத்து லயத்துல நான் மாட்டுக்குக் கழனி வாங்க வாளி தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவேனே, ஞாபகம் இருக்கா?

வீரசிங்கம்: மறக்குமா. வாளி உன் உசரத்துக்குப் பாதி. பாவாட எல்லாம் கழனியா வருவ.

மதுஷா: ஒவ்வொரு வீட்டுக் கழனியையும் தனித்தனியா கொண்டாந்து குடுப்பேன், மாட்டுப்பட்டிக்குக் கொண்டு போறதுக்கு முந்தி அம்மா வாளிக்குள்ள கைய விட்டு ஒரு கலக்கு கலக்கும். "கங்காணி வீட்டுல இன்னிக்கு முருங்கக்கா... கோயிலடி வீட்டுல பலாக்கா"ன்னு சொல்லிக்கிட்டே வரும். எனக்கு அது ஒரு வெளயாட்டு.

வீரசிங்கம்: அவளுக்கு அது வெளயாட்டு இல்ல.

மதுஷா: அது எனக்கு மூக்காயி அக்கா விஷயத்துலதான் வெளங்குச்சு. லயத்துக் கடைசிக் காம்பராவுல குடியிருந்தாங்களே. புருஷன் ஆஸ்பத்திரியில கெடந்தாரு, அவங்களுக்கும் வேலைக்குப் போக முடியல. ஒருநாளு அவங்க ஊத்தினது வெறுந்தண்ணி. அரிசி கழுவின வெள்ளகூட இல்ல. அம்மா கலக்கிப் பாத்துட்டு, ஒரு கோப்பையில சோத்தப் போட்டு, மேல இன்னொரு கோப்பைய கவுத்து, என் கையில குடுத்துச்சு.

வீரசிங்கம்: ம்... வெளிய சொல்லாதன்னு சொல்லியிருப்பா.

மதுஷா: "மிச்சமாப் போச்சு அக்கா, வச்சா கெட்டுரும். இத மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத, அவங்க மொகத்தயும் பாக்காத"ன்னுச்சு. இந்த மிசினும் அந்த வாளி மாதிரித்தான் இருக்குப்பா. நீங்க சோறு ஆக்குறதே இல்ல.

வீரசிங்கம்: ஒத்தையாளுக்கு அரிசி களைய கை வரல புள்ள. அரைச் சுண்டு போட்டாலும் மிஞ்சுது. யாரு முன்னாடி குந்திச் சாப்புடுறது? பிஸ்கட்ட தேத்தண்ணியில நனைச்சுத் தின்னுட்டுப் படுத்துருவேன். வயிறு ஒண்ணும் கேக்குறதில்ல.

மதுஷா: எனக்குக் கேக்குதே. அம்மா போய் வருசம் திரும்பல. உங்களுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டப்பா வருவேன்?

வீரசிங்கம்: அழாத... இந்தா, பார்சல பிரிக்கிறேன். இப்பவே சாப்புடுறேன். பாரு... கருவாட்டுக் கொழம்பு. அம்மா மாதிரி மாங்கா போட்டிருக்க.

மதுஷா: ம்.

வீரசிங்கம்: ஒரு ஆளு தங்கியிருக்கிற ரூம்ல கருவாட்டுக் கொழம்பு இம்புட்டு மிஞ்சுமா மதுஷா? சொல்லு.

மதுஷா: மிச்சம் இல்லப்பா. நேத்து லீவு போட்டு உங்களுக்குன்னே ஆக்கினது. நீங்க சாமான் வாங்குற கடை ஸலீம் நானா போன்ல பேசினாரு. "அப்பா தேசிக்காயும் பிஸ்கட்டும் தவிர ஒண்ணும் வாங்குறாரில்ல, வந்து பாருங்க மகள்"ன்னாரு. எப்படி உங்ககிட்ட கேக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் நீங்க போன் பண்ணி மிசின் பழுதுன்னீங்க. நல்ல சாட்டுக் கெடச்சுதுன்னு ஓடி வந்துட்டேன்.

வீரசிங்கம்: நல்லா நடிச்ச.

மதுஷா: எங்க... புடிச்சுட்டீங்களே. மூக்காயி அக்கா கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கல. அம்மா சொல்லிக் குடுத்த பொய் அவங்ககிட்ட பலிச்சுது, உங்ககிட்ட பலிக்கல.

வீரசிங்கம்: கண்டுபுடிக்கலன்னு யாரு சொன்னா? அம்மா செத்த வீட்டுக்கு வந்தப்ப, மூக்காயி என்னைய ஓரமாக் கூப்புட்டு அழுதுச்சு. ஊத்த ஒண்ணும் இல்லன்னா வாளிய சும்மாவே உங்கிட்ட திருப்பிக் குடுத்திருக்கலாமாம். வாயத் தொறந்து கேக்க வெக்கமாம். வெறுந்தண்ணிய ஊத்தி விட்டா உங்கம்மா கலக்கிப் பாப்பா, பாத்தா வெளங்கிக்கிருவான்னுதான் ஊத்துச்சாம்.

மதுஷா: தெரிஞ்சேவா ஊத்துனாங்க?

வீரசிங்கம்: தெரிஞ்சேதான்... மதுஷா, அந்தத் தேக்கரண்டியும் வழுக்கி விழல. நான்தான் போட்டேன்.