வாசலில் விழுந்த சுண்ணாம்புக் கோடு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, குடிநீர் வாரிய நண்பர்களே, ஆட்சேபணை மனு கொடுத்தே எங்களை அலையவைத்து, இன்று கண் கலங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் மேலாக, அண்ணனின் துணைவியாரான எங்கள் அண்ணியே, வணக்கம்.

நம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் திட்டப் பொறியாளர், நாமெல்லாம் 'சுண்ணாம்பு அண்ணன்' என்று அழைத்த பெருமகன், போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் இல்லாத அலுவலகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி அழுதுகொண்டே பேசவும் வரவில்லை. அவரோடு இருந்த காலமெல்லாம் ஒன்று திட்டு வாங்கியிருக்கிறேன், அல்லது சிரித்திருக்கிறேன்.

அணையிலிருந்து கடைசி ஊர்வரை குழாய் போக வேண்டும். வனத்துறை, ரயில்வே, நெடுஞ்சாலை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி அனுமதி வாங்குவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அண்ணன் இவர்களைக் கண்டு அஞ்சியவரா? இல்லை. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால்தான் அவருக்குப் பயம்.

அப்படித்தான் ஓர் ஊரில் எல்லோரும் கைதட்டி, ஆட்சேபணை இல்லை என்றார்கள். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அண்ணன் அசையவில்லை. "வரைபடத்தைப் பார்த்து யாருக்குய்யா கோபம் வரும்? வாசல்ல கோடு போடு, அப்புறம் பாரு" என்றார். சுண்ணாம்புப் பொடி வாங்கிவந்து, குழி வெட்டப்போகும் அகலத்துக்குத் தெருநெடுகக் கோடு போட்டார். கோடு ஒருவர் கழிவறை நடுவே போனது, இன்னொருவர் கிணற்றை உரசிப் போனது. மாலைக்குள் ஊரே எங்களைச் சூழ்ந்துகொண்டது. அண்ணன் முகத்தில்தான் எப்பேர்ப்பட்ட மலர்ச்சி! அனுமதி தள்ளிப்போனதற்கு மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் பாதையை மாற்றிக் குழாய் பதித்த பிறகு அந்த ஊரில் ஒரு வழக்கு வந்ததா? ஒரு மறியல் நடந்ததா?

அந்தக் கோடு அவர் தெருவுக்கும் வந்தது. கடைசிக் கட்டம் அது. அந்தத் தெருவைத் தாண்டினால்தான் அப்பால் இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர். கோடு அண்ணியின் பூச்செடி நர்சரிக்குள் புகுந்து போனது. அண்ணி என்ன செய்தார்? எதிர்ப்பக்கம் வெறும் மதில்தானே, அங்கே கொண்டுபோங்கள் என்று மனு எழுதி, வரிசையில் நின்று, கணவரிடமே கொடுத்தார். கணவர் என்ன செய்தார்? மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போலவே ரசீது கொடுத்தார். மனைவியின் மனுவைத் தானே விசாரிப்பது முறையல்ல என்று அதை அவருக்கு அடுத்த நிலைப் பொறியாளரான என் தலையில் கட்டினார். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று உத்தரவாம். அண்ணியும் பதிலுக்கு வேறெந்தப் பேச்சையும் எடுக்கவில்லையாம்.

விசாரணைக்கு முன்பே அண்ணன் போய்விட்டார். அண்ணி இனி மனுவைத் திரும்பப் பெற்றுவிடுவார் என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். அண்ணன் நினைவாகக் குழாயைச் சத்தமில்லாமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாம் என்றார்கள் வேறு சிலர். இன்று காலை அண்ணியிடமே கேட்டேன்.

"மனுவை வாபஸ் வாங்க மாட்டேன். அவர் போயிட்டாருன்னு சலுகையும் வேணாம். ஊர்ல எல்லாரையும் கேட்டீங்கல்ல, அதே மாதிரி என்னையும் கேளுங்க" என்றார்.

இதைவிடப் பெரிய அஞ்சலியை இந்த மேடையில் யாரால் செலுத்த முடியும்?

அண்ணி, அண்ணன் விட்ட வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். புதன்கிழமை உங்கள் தெருவுக்கு வருகிறோம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் குழாய் நகரும். இல்லாவிட்டால், இல்லை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். அதற்கான தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும்.