அயர்லாந்து மூக்கு

“இது யாழ்ப்பாணத்து மூக்கில்லை, தங்கச்சி. அயர்லாந்து மூக்கு.”

ஹனோவரில், ட்ராமில் எனக்கு முன்னால் இருந்தவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். அறுபது வயதிருக்கும். அவர் பக்கத்தில் கடைப் பையை மடியில் வைத்தபடி இருந்த பெண் அந்த மூக்கை மரியாதையாகப் பார்த்தாள்.

“அப்ப உங்கட பூட்டனைக் கண்டுபிடிச்சிட்டீங்களோ அண்ணை?”

“எங்கை! அம்மாவின்ர தாத்தா, பேர் பற்றிக். அயர்லாந்தில இருந்து கப்பலால யாழ்ப்பாணம் வந்து இறங்கி எங்கட பூட்டியைக் கட்டினவர். அவ்வளவுதான் தெரியும். அயர்லாந்தில இருக்கிற மாதா கோயில் எல்லாத்துக்கும் ஈமெயில் போட்டிட்டன். எந்தப் பற்றிக் எண்டு திருப்பிக் கேக்கிறாங்கள்.”

“ஊர்? தாய் தேப்பன்?”

“ஒண்டும் தெரியாது. எண்டாலும் நல்ல குடும்பத்து மனிசன். மூக்கே சொல்லுதே!”

“அப்ப உங்கட மகள் விரும்பின பொடியனும் அயர்லாந்துதானே. நல்லதாப் போச்சு.”

அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் கேட்டது.

“அது சரிவராது. அவன்ர ஆக்கள் ஆர், எப்பிடியான குடும்பம் எண்டு விசாரிக்க இஞ்ச ஒருத்தரும் இல்லை. கண்டறியாதவனுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?”

அந்தப் பெண் அவருடைய மூக்கைத் திரும்பவும் பார்த்தாள்.

“உங்கட பூட்டியின்ர தேப்பனும் இப்பிடி விசாரிச்சிருந்தா, அண்ணை?”

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கத் தொடங்கினார். நான் இறங்கும்வரை கையை எடுக்கவேயில்லை.