கொக்கு சாரின் நான்கு ஞாயிறுகள்

ஐயா, ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருப்பது அண்டங்காக்கை இல்லை, சாதாரண வீட்டுக் காகம். கழுத்தில் சாம்பல் பூசினாற்போல இருக்கிறது பாருங்கள். அண்டங்காக்கைக்கு அது கிடையாது. ஏட்டையாவிடம் அதை விரட்டச் சொன்னீர்களே, அப்போதே சொல்லியிருப்பேன். விசாரணைக்கு நடுவில் குறுக்கிடுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். தப்பான பெயர் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. நடந்ததையெல்லாம் இந்தச் சுபாவத்தை வைத்துத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

வாரத்தில் ஆறு நாள் நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளன். தவளையை ஃபார்மலினில் போடுவேன், பையன்கள் அறுத்து முடித்ததும் மிச்சத்தை எடுப்பேன். பதினேழு வருஷமாகப் பேராசிரியர்கள் என்னை "இந்தாப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழாவது நாள் ஞாயிறு. அன்று தூரநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ப் பறவை எண்ணுவேன். அங்கே என்னை யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

இந்த நிலைமையில்தான், 2002 டிசம்பரில், குணசேகரன் என்பவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கழிமுகத்தை ஒட்டிக் கன்டெய்னர் கிடங்கும் ஊழியர் குடியிருப்பும் கட்டப்போகிற கம்பெனியின் மேலாளர். அனுமதி வாங்கப் பறவைக் கணக்கெடுப்பு அறிக்கை வைக்க வேண்டுமாம். கதவருகே நின்று, "நிபுணர் சார் இருக்காருங்களா?" என்றார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எலும்புக்கூடு மட்டும் நின்றது.

குணசேகரனுக்கு வேண்டியது சேற்றுநிலத்தின் குறுக்கே நேராக ஒரு சாலை. "பறவையே இல்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க சார், முடிஞ்சுது" என்றார். நான் மறுத்துவிட்டேன். இதை எழுத்தர் தெளிவாக எழுத வேண்டும். நான் விலைபோகிற ஆள் இல்லை. இல்லாததை இருப்பதாகவோ இருப்பதை இல்லையென்றோ என் கை எழுதாது என்று சொன்னேன்.

"அப்ப ரோட்டை என் தலைமேலயா போடறது?"

வரைபடத்தை விரித்தேன். சேற்றுநிலத்துக்கு வடக்கே ஒரு மேடு. சிப்பிமேட்டுக் குப்பம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இந்த வழியாக வளைக்கலாமே என்றேன்.

"அங்க ஆளுங்க இருக்காங்களே சார்."

"எத்தனை பேர்?"

அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய கம்பெனி, கையில் ஒரு எண் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. "எப்படியும் போகத்தான் போகிறேன், அதையும் எண்ணிச் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

எண்ணுவதற்கு முறை உண்டு ஐயா. ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. இருநூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, கலைந்துவிடும். ஒன்றையே இரண்டு முறை எண்ணக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டுமே எழுத வேண்டும். மூன்று ஞாயிறு தொடர்ந்து செய்ய வேண்டும்.

முதல் ஞாயிறு, ஜனவரி ஐந்து. அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. பனி விலகியதும் சேற்றுநிலம் முழுக்கப் பறவை. பூநாரைகள் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாத்தின. உப்புக்கொத்திகள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல ஓடின. கூழைக்கடாக்கள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள் போல அலகைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணி முடித்தபோது எனக்குக் காலே தரையில் இல்லை.

நடுநடுவே தூரநோக்கியைக் குப்பத்தின் பக்கமும் திருப்பினேன். இருபத்திரண்டு வீடுகள். மனித நடமாட்டம் இல்லை. ஏழே காலுக்கு ஒருவர் சொம்போடு கரைக்கு வந்தார், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், எழுந்து தெற்கே போய்விட்டார். "வந்துபோவது: ஒன்று. நிலையாகத் தங்குவது: இல்லை" என்று எழுதிக்கொண்டேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. நான் நின்று எண்ணும் இடத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை குப்பத்தின் முதல் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் போகிறது. திரும்பும்போது அங்கே ஒரு குரல் கேட்டது. நீளமாக இரண்டு இழுப்பு, நடுவில் ஒரு சீட்டி, கடைசியில் தண்ணீர் கொதிப்பது போல ஒன்று. இதுவரை நான் கேட்டிராத குரல். குருகு இனத்தில் ஏதோ அரிய வகை, நாணலுக்குள் ஒளிந்திருக்கிறது என்றே நினைத்தேன். இருபது நிமிஷம் சேற்றில் முழங்காலிட்டு, மூச்சை அடக்கி, அந்த இழுப்பையும் சீட்டியையும் நோட்டில் குறித்தேன். புது இனமாக இருந்தால் அதற்கு என் பெயரையே வைப்பார்களா என்றுகூட யோசித்தேன். மனுஷன்தானே.

ஒன்பதரைக்குப் படகுகள் வந்தன. குப்பம் முழுக்கக் கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலை பிள்ளைகுட்டியோடு படகேறி அக்கரைக் கோயிலுக்குப் பூசைக்குப் போய்விடுவார்கள். முதல் வீட்டுக்காரி அடைக்கலமேரி, தலையில் முக்காடோடு இறங்கியவள், முட்டிவரை சேறோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"இன்னா சாரு, எங்க வூட்டுச் செவுத்தாண்ட முட்டி போட்டுகினு கீற? கோயிலு அக்கரைலல்ல கீது?"

விஷயத்தைச் சொன்னேன். குரலைச் செய்தும் காட்டினேன். அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் கூடிவிட்டார்கள்.

"ஐயே, அது எங்க வூட்டுக்காரரு கொறட்டை சாரு! பட்சியாம்ல பட்சி! எங்க, இன்னொரு தபா செஞ்சி காட்டு."

செய்து காட்டினேன். பதினைந்து பேர் கைதட்டினார்கள். அன்றிலிருந்து நான் அந்தக் குப்பத்துக்குக் கொக்கு சார்.

அவள் கணவன் தேவப்பிரியம் அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி இறக்கும் கூலி வேலைக்குப் போகிறவன். சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடித்து ஞாயிறு விடியலில் வந்து படுத்தால் மதியம்தான் எழுந்திருப்பான். "கோயிலுக்கு வாய்யான்னா, சாமிக்கு அவசரம்னா வூட்டாண்ட வரட்டும்ங்கறாரு" என்று அடைக்கலமேரி குறைப்பட்டாள். அவன் தூங்கும்போது நாய் நுழையாமல் இருக்க, கதவுக்கு வெளியே கொக்கி போட்டுவிட்டுப் போவாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வீட்டு டீயும் பொரித்த காரப்பொடி மீனும் சாப்பிட்டேன். மூன்றாம் வாரம், டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ரோடு வர்துன்னு சொல்லிக்கிறாங்க. நீ எண்ற லிஸ்ட்ல எங்களையும் எய்திக்கிறியா சாரு? லிஸ்ட்ல பேர் இல்லாதவனுக்கு வேற எடத்துல வூடு குட்க மாட்டாங்களாம். ரேசன் கார்டு எட்தாந்து காட்டவா?"

"கணக்கெடுப்பு ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டதம்மா" என்றேன். அப்போது மணி ஒன்பது நாற்பது. நேரம் தவறி வந்த பூநாரையையே நான் சேர்ப்பதில்லை. தெரிந்தவள், டீ கொடுத்தவள் என்பதற்காகச் சேர்த்தால் அதற்குப் பெயர் லஞ்சம்.

குறட்டையை மூன்று வாரமும் கேட்டேன், மூன்று வாரமும் என் சொந்த நோட்டில் நேரத்தோடு எழுதினேன். ஆனால் கம்பெனி கொடுத்த படிவத்தில் "பார்த்தவை" என்று ஒரே கட்டம்தான் இருந்தது. "கேட்டவை" என்று கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தில் நான் எதை நிரப்புவது?

அறிக்கை நாற்பது பக்கம், சுருள்கம்பி பைண்டிங். முன்னுரையில் மட்டும் "பல்லுயிர்" என்ற சொல் பதினொரு முறை வரும். சேற்றுநிலத்தில் நாற்பத்தேழு இனம். மேட்டில் நிலையாகத் தங்குவது எதுவும் இல்லை. எனவே சாலையை மேட்டின் வழியாகத் திருப்புக. பரிந்துரையும் நானே எழுதினேன்: "ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வேலையைச் செய்க. அந்நேரம் மேட்டில் மனித நடமாட்டம் காணப்படுவதில்லை."

ராயபுரத்தில் இயற்கை நேசர் மன்றம் என்று ஒன்று எனக்குப் பொன்னாடை போர்த்தியது. பறவைகளைக் காத்த மாவீரன் என்றார் தலைவர். செங்கால் நாரைப் படத்தைக் காட்டிப் பூநாரை என்றார். திருத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள். குணசேகரன் முதல் வரிசையில் இருந்தார். என் கல்லூரி முதல்வரும் வந்து, முதல்முறையாக "சார்" என்றார்.

நான்காவது ஞாயிறு, பிப்ரவரி ஒன்பது. பறவைகளுக்குத் தொந்தரவு ஏற்படுகிறதா என்று கண்காணிக்க நிபுணர் உடனிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதனால் நானும் இருந்தேன். ஜேசிபி வண்டி ஏழு இருபதுக்கு வந்தது. ஓட்டுநர் வல்லரசு, வியாசர்பாடிக்காரர். முதல் வீட்டின் முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சாரு, பானை சட்டிலாம் அப்படியே கீது. கொடில துணி காயுது. ஆளுங்க கீறாங்களா இன்னா?"

"கூடு இருப்பதாலேயே பறவை இருப்பதாக எழுத மாட்டோம்" என்றேன்.

"நைனா, நான் பட்சியக் கேக்கல. மனுசாளக் கேக்கறேன்."

எஞ்சின் நின்றிருந்ததால் அமைதியாக இருந்தது. இரண்டு இழுப்பு, ஒரு சீட்டி. வல்லரசு தலையைச் சாய்த்தார்.

"ஏதோ சவுண்டு வர்ற மாரி கீதே?"

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். உள்ளே ஒருவர் என்று சொன்னால் அறிக்கையில் ஒரு எண் தப்பு. ஒரு எண் தப்பென்றால் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டையும் எவன் நம்புவான்? சாலை மறுபடி சேற்றுநிலத்துக்கே திரும்பும். பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்கள். திங்கட்கிழமை காலை நான் மறுபடியும் "இந்தாப்பா". அந்தக் கடைசி விஷயத்தை நான் யோசித்தது மிகக் குறைவான நேரம்தான்.

"குருகு. நாணலுக்குள் இருக்கிறது" என்றேன். "வெளியே கொக்கி போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா? மூன்று ஞாயிறு எண்ணியாயிற்று. யாருமில்லை."

"நீங்க படிச்சவரு, சொன்னா சர்தான்" என்று ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் குறட்டை கேட்கவில்லை. அதாவது, இப்போது அந்த வீட்டில் பார்க்கவும் யாரும் இல்லை, கேட்கவும் யாரும் இல்லை. எல்லாம் அறிக்கையோடு அச்சாகப் பொருந்திவிட்டது.

சுவர் விழுந்த சத்தத்தில் சேற்றுநிலம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. ஐயா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வானம் ஒரு பக்கம் ரோஜா நிறமாகிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று வல்லரசு வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாரே, அது உண்மைதான். பறவைகளைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் பக்கம் திரும்பி எண்ணிக்கொண்டிருந்ததால் இந்தப் பக்கம் நடந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு பறவையும் இல்லை. இந்த வருஷம் சீக்கிரம் கிளம்பிவிட்டன, அவ்வளவுதான்.

ஒன்பதரைக்குப் படகு வந்தது. அடைக்கலமேரி இறங்கினாள். வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கொக்கு சாரு, அவரு எய்ந்து வெளிய போய்ட்டாரா?"

அந்நேரத்தில் பார்வையில் யாரும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

எழுத்தர் படித்துக் காட்டியதில் ஒரே ஒரு பிழைதான். "உள்ளே தேவப்பிரியம் இருப்பதை அறிந்தே" என்று போட்டிருக்கிறார். நான் அவனை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அதை அடித்துவிட்டு, "உள்ளே குறட்டை ஒன்று" என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.