கட்டணப் பார்வையாளர் ஜீவா

திட்டுகிறவர்களுக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும், சார். பாராட்டுகிறவர்கள் காத்திருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி நடத்த வருகிறவனுக்கு இந்தப் பக்குவம் வேண்டும். எனக்கு இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ‘வீடியோ வெங்கடேசன்’ என்று கேட்டாலே சொல்வார்கள். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், பிறகு யூடியூபில் ‘ஆளில்லாத இடம்’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தேன். கல்வராயன் மலையில் யாரும் போகாத இடமாகப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து, அங்கே வரும் பயத்தை அப்படியே காட்டுவது. இலவசமாக இருந்தவரை எல்லோரும் ரசித்தார்கள். சந்தா கட்டினால்தான் பார்க்கலாம் என்று அறிவித்ததும் பேச்சு மாறியது. அதில் தப்பில்லை. காசு கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். நான் ஒருவரைக்கூட பிளாக் செய்ததில்லை. என் மனைவி மலர்விழி பக்கத்தில் உட்கார்ந்து கமெண்டுகளைப் படிப்பாள்.

“இன்னாங்க இது, இந்தப் பேச்சு பேசறானுங்க. உங்களுக்குக் கோவமே வராதா?”

வராது என்பேன். உண்மையும் அதுதான்.

கட்டணத் தொடரின் முதல் பகுதிக்கே ஜீவா எழுதினான். மணலூர்பேட்டைக்காரன், ரிஷிவந்தியம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மரியாதையாகத்தான் எழுதுவான். “அண்ணா, எடம் சூப்பர். ஆனா நீங்க பயப்படல, பயந்த மாரி நடிக்கிறீங்க. நெஜமா பயந்தவன் மூச்சு இப்டி இருக்காது.” அதற்குக் கீழே ஏகப்பட்ட லைக். நன்றி தம்பி, கவனிக்கிறேன் என்று பதில் போட்டேன். அடுத்த பகுதியில் கவனித்தும் இருந்தேன். “இப்பவும் அதே மூச்சுதாண்ணா” என்று எழுதினான். சந்தாவை நிறுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போட்டிக்காரன் எவனாவது ஏவிவிட்டிருப்பானோ என்று சந்தேகம் வந்தது. அவனுடைய பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்தேன். தங்கையோடு எடுத்த படங்கள், பள்ளி ஆண்டுவிழா, ஒரு நாய்க்குட்டி. அவ்வளவுதான். மனதில் பட்டதைச் சொல்கிறவன். அப்படி ஒருவன் கிடைப்பது அபூர்வம், சார். படப்பிடிப்புக்கு வா என்று கூப்பிட்டேன். பகுதி வெளியாகும்வரை யாரிடமும் சொல்லாதே, ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன். சிநேகிதனைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறான். புகாரில் நீங்களே படித்திருப்பீர்கள்.

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். மலை ஏறி முடிக்கும்வரை வாய் ஓயவில்லை. “திட்டுனவன எவன்ணா இப்டி ஜீப்புல வெச்சிக்கினு போவான்? நீங்க வேற மாரி ஆளுண்ணா.” எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினான். “ஷாலு கட்டிக் குடுத்துச்சு. சாப்புடுங்க.” ஷாலினி அவனுடைய தங்கை. சோறு நன்றாக இருந்தது.

வெள்ளிமலையைத் தாண்டி, சாமைக் கொல்லை ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். அங்கே ஆழமான ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. கயிறு இல்லாமல் மேலே வர முடியாது. செல்போன் இருந்தால் மைக்கில் இரைச்சல் வரும் என்று சொன்னதும் அவனே ஜீப்பில் வைத்துவிட்டு வந்தான். இருட்டில் படம் விழாது, குரல் போதும் என்று சொல்லி ரெக்கார்டரை அவன் கழுத்தில் மாட்டி, அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று காட்டு தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினான். நான் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன்.

“சீக்கிரம் வந்துடுங்கண்ணா” என்றான்.

வெள்ளிமலையில் அறை எடுத்துத் தூங்கினேன். நல்ல மழை.

ஊருக்கு வந்து எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது மலர்விழி ஹெட்போனை வாங்கிக் கேட்டாள்.

“யாருங்க இது?”

“மெட்ராஸ்லேர்ந்து வந்த நடிகரு.”

ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “நடிக்கிறவங்க இப்டி அழமாட்டாங்க” என்றாள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. அன்றிலிருந்து நான் வரும் அறையில் அவள் இருப்பதில்லை. போன வாரம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன கோபம் என்று தெரியவில்லை.

பகுதி வெளியானதும் விட்டுப்போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். ஒரு குறைகூட இல்லை. அவன் அடிக்கடி தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் அது மழைச் சத்தத்தோடு கலந்திருந்ததால் விட்டுவைத்தேன். ஜீவாவின் சந்தா அப்போதும் இருந்தது, அவன் வீட்டு டிவியில். ஷாலினி அதில் கேட்டிருக்கிறாள். “இது எங்க அண்ணன் கொரலு. எங்க அண்ணன எங்க வெச்சிருக்கீங்க?” என்று கமெண்ட் போட்டாள். உங்கள் உணர்வுக்குத் தலைவணங்குகிறோம் என்று அவளுக்கும் பதில் எழுதினேன். நினைத்திருந்தால் அந்த கமெண்டை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அதையும் நீங்கள் பார்க்க வேண்டும், சார்.

பிளவுக்குள் இருந்த ரெக்கார்டர் என் கைக்கு எப்படி வந்தது என்கிறீர்கள். சொல்கிறேன். மறுநாள் காலையில் போனேன். அவன் உயிரோடுதான் இருந்தான். நனைந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். கயிற்றை இறக்கினேன். ரெக்கார்டரை முதலில் அனுப்பு, அடிபட்டுவிடப் போகிறது என்றேன். கயிற்றில் கட்டி அனுப்பினான். பாறைமேல் உட்கார்ந்து கொஞ்சம் கேட்டேன். நன்றாகப் பதிவாகியிருந்தது.

கீழேயிருந்து கூப்பிட்டான். தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

“இனிமே நல்லாருக்குதுனே எழுதுறேன்ணா. எல்லாத்துக்கும் எழுதுறேன். கயித்த வுடுங்கண்ணா.”

எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அவனைத் தேட ஆள் அனுப்புங்கள், இடம் காட்டுகிறேன். ஆனால் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். குறை சொன்னதற்காக நான் அவனை விட்டுவிட்டு வரவில்லை, சார். பயந்துபோய்ப் பொய்யாகப் பாராட்டுகிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?